நாலு கிழமைக்கு ஒருமுறை மகனுக்குக் காய்ச்சல், காரணம் பிடிபடவில்லை (திருகோணமலை)

கேட்டவர்: உப்புவெளி அம்மா

வணக்கம். மகனுக்கு இரண்டு வயதும் மூன்று மாதமும். தைப்பொங்கல் காலையில் தூக்கும்போது உடம்பு சுட்டது, பொங்கல் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றதால் என்று நினைத்து விட்டுவிட்டேன், மத்தியானம் தேர்மோமீற்றர் வைத்தால் 103. அன்றைக்குத் தொடங்கியது, இந்தக் கிழமை வந்தது ஐந்தாவது தடவை.

ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித்தான். திடீரென்று ஏறும். நாலு நாள் நிற்கும். பரசிட்டமோல் கொடுத்தால் இரண்டு மூன்று மணித்தியாலம் இறங்கி, வேர்த்து, திரும்பவும் ஏறும். ஐந்தாம் நாள் காலையில் ஒன்றுமே நடக்காத பிள்ளை போல எழும்பி முற்றத்தில் கோழியைத் துரத்துவான். சளி இல்லை, இருமல் இல்லை, வயிற்றோட்டமும் இல்லை. இரண்டு தடவை டெங்கு பார்த்தார்கள், இல்லை. நாலு தடவை அன்டிபயோட்டிக் குடித்துவிட்டான். அதில் இரண்டு தடவை ஒரு டிஸ்பென்சரியில் பெயர் எழுதாத பொட்டலத்தில் தந்தார்கள், என்ன மருந்து என்று கேட்டதற்கு "காய்ச்சல் மருந்துதான்" என்றார்கள், அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கணவர் கட்டாரில். நான் அம்மாவோடு இருக்கிறேன். அம்மா பல் முளைக்கிற காய்ச்சல் என்கிறா, பக்கத்து வீட்டு ஆச்சி நாவூறு என்று மிளகாய் சுற்றிப் போட்டா, நான் பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன். எதையும் விடவில்லை. இரவு இரண்டு மணிக்கு ஈரத்துணியோடு அவனுக்குப் பக்கத்தில் இருக்கும்போது மருந்துப் போத்தல் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன், அதில் இருந்த அளவுக்கோடு பாதி அழிந்துவிட்டது, சரியான அளவைத்தான் கொடுக்கிறேனா என்றுகூடத் தெரியாத நேரங்கள் இருக்கின்றன. காய்ச்சல் இல்லாத நாட்களிலும் நித்திரையில் கை தானாக அவன் நெற்றிக்குப் போய்விடுகிறது.

இப்படி யாருடைய பிள்ளைக்காவது வந்திருக்கிறதா? நேராகக் கொழும்புக்குக் கொண்டு போக வேண்டுமா, இல்லை இங்கேயே பார்க்கலாமா? தயவுசெய்து தெரிந்தவர்கள் எழுதுங்கள்.


பதில்: மூன்று பிள்ளைத்தாய், அன்புவழிபுரம்

தங்கச்சி, முதலில் பயப்படாதீங்க. இந்த வயதில் வருடத்துக்கு எட்டு பத்துத் தடவை வைரஸ் காய்ச்சல் வருவது வழமை. என் நடு மகள் நேர்சரிக்குப் போகத் தொடங்கிய முதல் வருடம் மாதம் தவறாமல் காய்ச்சல்தான், ஒவ்வொரு வைரஸாகச் சந்தித்து முடிக்கும்வரை அப்படித்தான் என்று டொக்டர் சொன்னார், இரண்டாவது வருடம் தானாகக் குறைந்தது. அன்டிபயோட்டிக் வைரஸுக்கு வேலை செய்யாது, அதைச் சும்மா சும்மா கொடுக்காதீங்க.


பதில்: உப்புவெளி அம்மா

நன்றி அக்கா. ஆனால் மகன் நேர்சரிக்குப் போவதில்லை, வீட்டில் வேறு சிறுபிள்ளைகளும் இல்லை. நீங்கள் சொல்வது போல என்றால் யாருக்காவது மூக்கு ஒழுகியிருக்க வேண்டும், எனக்கோ அம்மாவுக்கோ ஒரு தடவைகூடத் தொற்றவில்லை. அதுதான் மனதை அரிக்கிறது.


பதில்: தம்பலகாமம் அப்பா

சகோதரி, ஒரு கேள்வி. சிறுநீர் பரிசோதித்தார்களா? நீங்கள் எழுதியதில் அதைக் காணவில்லை, அதனால்தான் நான் எழுதுகிறேன்.

என் மகளுக்கு ஒன்றரை வயதில் இதே கதை. காய்ச்சல் மட்டும், வேறு ஒன்றும் இல்லை. இரண்டு இடத்தில் காட்டினோம், இரண்டு இடத்திலும் தொண்டையைப் பார்த்துவிட்டு "கொஞ்சம் சிவந்திருக்கு" என்று அன்டிபயோட்டிக் தந்தார்கள். சுகமாகும், பிறகு வரும். மூன்றாவது தடவை ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர்தான் மருந்து தொடங்க முதல் சிறுநீர் எடுக்கச் சொன்னார். மருந்து குடித்த பிறகு எடுத்தால் கிருமி கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கிற பரிசோதனையில்) வளராமல் போகலாம், அப்போது நோய் இருந்தும் இல்லை என்று வரும் என்று விளங்கப்படுத்தினார்.

அந்தச் சிறுநீரை எடுத்த பாட்டை மறக்க முடியாது. நன்றாகக் கழுவித் துடைத்து, கிணற்றடி சீமெந்துக் கட்டில் மனைவி மகளை மடியில் வைத்துக்கொண்டு இருக்க, நான் மூடி திறந்த போத்தலோடு முன்னால் குந்தியிருந்தேன். போத்தலின் உள்பக்கத்தில் விரல் படக்கூடாது. தண்ணீர் குடிக்கக் கொடுத்து, அடிவயிற்றில் ஈரப்பஞ்சால் மெல்லத் தடவி, முக்கால் மணித்தியாலம். வந்தபோது முதலில் வந்ததை விட்டுவிட்டு நடுவில் பிடிக்க வேண்டும், அது ஒரு நொடிதான், கை நடுங்கியது. பிடித்த உடனே கொண்டு போய்க் கொடுத்தோம், வெயிலில் வைத்திருந்தால் வேறு கிருமி பெருகிவிடும். கல்ச்சரில் கிருமி வந்தது. பிறகு ஸ்கான் செய்து பார்த்தால் சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் சிறுநீரகப் பக்கம் திரும்பி மேலே ஏறுகிறது. இரவில் ஒரு சிறு அளவு மருந்து, தவறாமல் கிளினிக், இப்போது அவளுக்கு ஆறு வயது, நன்றாக இருக்கிறாள். முதல் இரண்டு தடவையும் யாராவது அந்தப் போத்தலைக் கையில் தந்திருந்தால் சிறுநீரகத்தில் அந்தச் சிறு தழும்பு வந்திருக்காது என்ற வேதனை எனக்கு இன்னும் போகவில்லை.

ஆண்பிள்ளைகளிலும் வரும். கட்டாயம் கேளுங்கள்.


பதில்: ஓய்வுபெற்ற தாதி, பாலையூற்று

மகள், நான் முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகள் வார்ட்டில் நின்றவள். சில விஷயம் சொல்கிறேன், பொறுமையாக வாசி.

நான் வேலைக்கு வந்த காலத்தில் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது என்று தாய் சொன்னால் நாங்கள் வேறு யோசிக்கவே மாட்டோம், விரலில் குத்தி இரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தேய்த்து மலேரியாவுக்கு அனுப்புவோம். கந்தளாய், மூதூர், தம்பலகாமம் எங்கும் அது இருந்தது. 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உறுதிப்படுத்தியது, இப்போது வெளிநாடு போய் வந்தவர்களுக்குத்தான் அதைத் தேடுகிறார்கள். பிள்ளை இந்தியாவுக்கோ வேறு எங்கோ போய் வந்திருந்தால் டொக்டரிடம் சொல்லு. ஆனால் அந்த மலேரியாக் காலத்தில் நான் படித்த ஒன்று இன்றைக்கும் உதவும். காய்ச்சலின் சூட்டைவிட அது வந்து போகிற கணக்குத்தான் நோயைக் காட்டிக்கொடுக்கும். ஒன்றுவிட்ட ஒரு நாள் வருவது ஒன்று, மாலையில் மட்டும் வருவது வேறு, கிழமைக் கணக்கில் வருவது இன்னொன்று.

நீ "நாலு கிழமைக்கு ஒருமுறை" என்று எழுதியிருக்கிறாய். அது கணக்கா, குத்துமதிப்பா? இப்பவே ஒரு கொப்பி எடு. ஐந்து காய்ச்சலும் தொடங்கிய திகதி, விட்ட திகதி. நினைவில் இல்லாவிட்டால் மருந்துத் துண்டுகளைத் தேடு, போனில் படங்களைப் பார், கணவருக்கு அனுப்பிய குரல் பதிவுகளைக் கேள், பிள்ளைக்குச் சுகமில்லை என்று எதிலாவது சொல்லியிருப்பாய். இனி வரும்போது நேரம், சூடு, கொடுத்த மருந்து, அளவு எல்லாம் எழுது. கொழும்புக்கே போனாலும் பாஷை தட்டுப்படும் இடத்தில் இலக்கங்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம், டொக்டர் பார்த்த உடனே விளங்கும்.

அடுத்த காய்ச்சலின் முதல் நாளே வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார். உதட்டின் உள்பக்கம், கன்னம், நாக்கு ஓரம், சின்ன வெள்ளைப் புண் இருக்கா? கழுத்தில் தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் தடவிப் பார், நெறி கட்டியிருக்கா? மிட்வைஃப் நிறுத்த நிறைகளைப் பதிவுப் புத்தகத்தில் பார், கோட்டோடு போகிறதா, இறங்குகிறதா? இந்த மூன்றும் டொக்டர் கேட்கிற கேள்விகள்.

அந்தப் போத்தல் மூடியை இன்றைக்கே எறி. பாமசியில் ஊசி இல்லாத சிரிஞ்ச் கேட்டு வாங்கு. பரசிட்டமோலை நிறைக்குத்தான் கணக்குப் பார்ப்பது, ஒரு கிலோவுக்கு ஒரு தடவையில் 15 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் இல்லை. இங்கே கிடைக்கும் பாணி பெரும்பாலும் 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம், ஆனாலும் போத்தலில் வாசித்துப் பார், எல்லாம் ஒன்றல்ல. ஐபுபுரோபன், மெபனமிக் அசிட், டைக்ளோபெனக் எதுவும் டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை கொடுக்காதே, மலவாசலில் வைக்கும் மருந்தாக இருந்தாலும் என்ன மருந்து என்று கேள். பெயர் எழுதாத பொட்டலத்தை இனிமேல் வாங்காதே மகள். கேட்பது உன் உரிமை, மரியாதையாகக் கேட்டால் போதும்.

இன்னொன்று. இது எப்போதும் வருகிற காய்ச்சல்தானே என்று எந்தத் தடவையும் அசட்டையாக இருக்காதே. ஆறாவது தடவை வருவது டெங்குவாக இருக்கலாம். கை கால் குளிர்ந்தாலோ, எழுப்பினாலும் கண்ணைத் திறக்காமல் சோர்ந்தாலோ, ஆறு மணித்தியாலம் சிறுநீர் போகாவிட்டாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, கழுத்து விறைத்தாலோ, எங்காவது இரத்தம் கசிந்தாலோ காத்திருக்காதே, 1990க்கு எடு, அம்புலன்ஸ் இலவசம். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். காய்ச்சல் விட்டும் பிள்ளை சோர்ந்தே கிடந்தால் அது சுகம் இல்லை. வலிப்பு வந்தால் பக்கவாட்டில் படுக்கவை, வாயில் கரண்டியோ விரலோ தண்ணீரோ வைக்காதே, மணியைப் பார், ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் ஒரு நொடியும் தாமதிக்காதே.


பதில்: உப்புவெளி அம்மா

அம்மா, நீங்கள் சொன்னபடி நேற்று இரவு இருந்து தேடினேன். துண்டுகள் மூன்று கிடைத்தன, மற்ற இரண்டும் இவருக்கு அனுப்பிய குரல் பதிவில் இருந்தது.

தை (ஜனவரி) 14. மாசி (பெப்ரவரி) 11. பங்குனி (மார்ச்) 10. சித்திரை (ஏப்ரல்) 8. வைகாசி (மே) 5.

கலண்டரில் எண்ணினேன். 28 நாள், 27, 29, 27. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏதோ மாதத்துக்கு ஒரு தடவை என்றுதான் இவ்வளவு நாளும் வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன், இவ்வளவு ஒழுங்காக இருக்கும் என்று நினைக்கவே இல்லை. நிறை கோட்டோடுதான் போகிறது, இப்போது 11 கிலோ. வாயைப் பற்றிக் கேட்டீர்களே, போன தடவை இடியப்பமும் சொதியும் கொடுக்க "அம்மா எரியுது" என்று துப்பினான், கீழுதட்டுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது, பல் கடித்த காயம் என்று விட்டுவிட்டேன். சிறுநீர் ஒரு தடவையும் எடுக்கவில்லை அண்ணா.


பதில்: கிண்ணியா உம்மா

தங்கச்சி, அந்தத் திகதிகளைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மகளுக்கும் இப்படித்தான், 26 நாள், 27 நாள். வாய்ப்புண், தொண்டை, கழுத்தில் நெறி, நாலு நாள் காய்ச்சல், நடுவில் பட்டாம்பூச்சி மாதிரித் திரிவா. கடைசியில் கொழும்பில் சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் காட்டினோம். பிஃபாபா என்று சொன்னார்கள். தொற்று நோய் இல்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தி கிருமி இல்லாமலே ஒரு கணக்கு வைத்துச் சூட்டைக் கிளப்புகிறது என்று விளங்கப்படுத்தினார்கள். 1987இல்தான் மருத்துவர்கள் இதை முதலில் விவரித்து எழுதினார்களாம், அதற்கு முந்தின உம்மாமார் எத்தனை பேர் காரணம் தெரியாமல் அழுதிருப்பார்கள் என்று அன்றைக்கு வார்ட்டில் இருந்து யோசித்தேன். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முதல் தொடங்கும், வளர வளர இடைவெளி கூடித் தானாக நின்றுவிடும், வளர்ச்சியைக் கெடுக்காது.

ஆனால் உங்கள் பிள்ளைக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. இந்த நோய்க்கென்று தனியாக ஓர் இரத்தப் பரிசோதனை கிடையாது, மற்ற எல்லாவற்றையும் இல்லை இல்லை என்று தள்ளிவிட்டுத்தான் இதற்கு வருவார்கள். மகளுக்கும் சிறுநீர் எடுத்தார்கள், தொண்டையில் பஞ்சு விட்டு எடுத்தார்கள், காய்ச்சல் உள்ள நேரம் ஒரு இரத்தம், இல்லாத நேரம் பல தடவை இரத்தம். மூன்று கிழமைக்கு ஒருமுறை வெள்ளை அணு குறைகிற வேறு ஒரு நோயும் இதே மாதிரிக் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் தருமாம், அது வேறு, அதற்கு வைத்தியமும் வேறு.

இன்னொரு விஷயம் கவனம். பிரெட்னிசொலோன் என்று ஒரு மருந்து, காய்ச்சல் தொடங்கும்போது ஒரே ஒரு தடவை கொடுத்தால் சில மணித்தியாலத்தில் காய்ச்சல் பறந்துவிடும். மகளுக்கு அப்படிப் பறந்ததைக் கண்ணால் கண்டேன். அதைக் கேள்விப்பட்டு பாமசியில் வாங்கிக் கொடுத்துவிடாதீங்க. சிலருக்கு அடுத்த காய்ச்சல் முந்தி வந்துவிடும், மகளுக்கும் 27 நாள் 18 நாளானது. அதைவிட, உள்ளே வேறு நோய் இருந்தால் அந்த மருந்து அதை மறைத்துவிடும். 2017 பங்குனியில் எங்கள் கிண்ணியாவில் டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரியில் படுக்க இடம் இல்லாமல் ஒரு கட்டிலில் இரண்டு மூன்று பேர் கிடந்ததைப் பார்த்தவள் நான். எத்தனை தடவை வந்த காய்ச்சலாக இருந்தாலும் இரண்டாம் மூன்றாம் நாள் எப்.பி.சி. (இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கிற பரிசோதனை) எடுக்காமல் நான் இன்றைக்கும் விடுவதில்லை.

கொழும்புக்கு இப்பவே இரவு மெயிலில் ஏற வேண்டாம். முதலில் பெரியாஸ்பத்திரிப் பிள்ளைகள் கிளினிக்கில் அந்தக் கொப்பியைக் காட்டுங்கள். தேவை என்றால் அவர்களே கடிதம் தருவார்கள், கடிதத்தோடு போனால் அலைச்சல் பாதி குறையும். என் மகளுக்கு இப்போது ஏழு வயது, பதினொரு மாதமாகக் காய்ச்சல் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். உங்கள் மகனுக்கு துஆ செய்கிறேன்.


பதில்: தம்பலகாமம் அப்பா

கிண்ணியாத் தங்கச்சி சொன்னது சரி. ஆனாலும் சிறுநீரை மறக்க வேண்டாம், திகதி ஒழுங்காக இருக்கிறது என்பதற்காக அதைத் தாண்டிப் போகாதீர்கள்.


பதில்: உப்புவெளி அம்மா

எல்லாருக்கும், எழுத நேரம் பிந்திவிட்டது.

அன்றைக்கு அடுத்த கிழமையே கிளினிக் போனோம். டொக்டர் கொப்பியை வாங்கி முதல் பக்கத்தில் அந்த ஐந்து திகதிகளையும் பேனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார், பிறகு கதிரையை முன்னால் இழுத்துப் போட்டு என்னை முதலில் இருந்து சொல்லச் சொன்னார். ஐந்து மாதத்தில் யாரும் அப்படிக் கேட்கவில்லை. காய்ச்சல் இல்லாத நேரத்து இரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள், கல்ச்சரில் ஒன்றும் வரவில்லை. அடுத்தது ஆனி (ஜூன்) 1ஆம் திகதிக்கும் 3ஆம் திகதிக்கும் இடையில் வரலாம், வந்தால் அன்டிபயோட்டிக் எதுவும் தொடங்காமல் அன்றைக்கே கொண்டு வாருங்கள் என்றார்.

ஆனி 2, விடியற்காலை 4.10, 101.8. ஒரு மணித்தியாலத்தில் 103.2. சிரிஞ்சில் 6 மில்லிலீற்றர் கொடுத்தேன். போன் வெளிச்சத்தில் வாயைப் பார்த்தேன், கீழுதட்டில் இரண்டு, நாக்கு ஓரத்தில் ஒன்று. கழுத்தில் இரண்டு பக்கமும் கச்சான் பருப்பு அளவில் உருண்டது. எல்லாவற்றையும் எழுதினேன், கை நடுங்காமல் எழுதினேன். இத்தனை தடவையில் முதல் தடவையாக அவன் காய்ச்சலில் கிடக்கும்போது நான் அழவில்லை.

தொண்டைப் பஞ்சிலும் சிறுநீரிலும் கிருமி இல்லை. டெங்கு இல்லை. சி.ஆர்.பி. (உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டுகிற இரத்த அளவு) நன்றாக ஏறியிருந்தது, வெள்ளை அணுவும் ஏறியிருந்தது. கிண்ணியா அக்கா சொன்ன அந்தப் பெயரைத்தான் டொக்டரும் சொன்னார், ஆனால் இன்னும் முடிவு இல்லை, வெள்ளை அணு குறைகிற மற்ற நோய் இல்லை என்று பார்க்க ஆறு கிழமைக்குக் கிழமையில் இரண்டு தடவை இரத்தம் எடுக்க வேண்டுமாம். பன்னிரண்டு குத்து. அந்தச் சின்னக் கையில். அதை நினைத்தால் மட்டும் நெஞ்சு அடைக்கிறது, ஆனால் எடுப்போம். கொழும்புக்குக் கடிதம் அதற்குப் பிறகு என்றார்.

அம்மாவும் கொப்பியில் எழுதப் பழகிவிட்டா. நான் நித்திரையான நேரம் "2.30, 100, தண்ணீர் குடித்தான்" என்று தன் பழைய காலத்து எழுத்தில் எழுதி வைத்திருந்தா.

இன்று ஆனி 6. காலையில் காய்ச்சல் இல்லை, புட்டு கேட்டான். முதல் இரத்தம் திங்கட்கிழமை. தாதி அம்மா, ஊசி போடும் இடத்தில் முதலே பூசி மரக்கச் செய்கிற களிம்பு இருக்கிறதாமே, அதை ஆஸ்பத்திரியில் கேட்டால் தருவார்களா?